யாளி நின்ற தேர்தல்

கோவிந்தம்மாளின் வீணைக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். அதன் நுனியில் உட்கார்ந்திருந்த யாளி, தஞ்சாவூர் ஆசாரி ஒருவரின் கையில் பிறந்த நாளிலிருந்து எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. சிங்க முகம், பிதுங்கிய கண்கள், தந்தத்தில் இரண்டு கோரைப் பற்கள், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் கீழே வளைந்த ஒரு குட்டித் துதிக்கை. வீணைக்கு யாளி வைப்பது வழக்கம், வைத்தார்கள். ஏன் என்று வீணையும் கேட்கவில்லை, யாளியும் சொல்லவில்லை. ஐம்பத்தொன்பதாம் வருஷம் விழுப்புரத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. யாளிக்கும் அரசியல் வந்தது.

கோவிந்தம்மாள் வீணை வாத்தியாரம்மா. அவள் இருந்த வார்டில் பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டால் வீணை கற்றுக்கொள்ள அனுப்பிவிடுவார்கள். சங்கீதம் வளரட்டும் என்பதற்காக அல்ல. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வர்ணமும் ஒரு கீர்த்தனையும் வாசித்துக் காட்டவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா சொஜ்ஜியை விழுங்கி முடிப்பதற்குள் கீர்த்தனையும் முடிந்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீணைகள் என்ன ஆகின்றன என்பதைக் கோவிந்தம்மாள் பல வீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவற்றின் மேல் பாவாடை காய்ந்துகொண்டிருக்கும்.

இருபது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்த விரல்கள் அவளுடையவை. அவள் மட்டும் தனியாகத்தான் இருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய குறையில்லை. ஒரே ஒரு குறைதான் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. தோடி ராகத்தை அவசரமில்லாமல், மேலும் கீழும் போய்வந்து, முழுசாக, நாலு பேர் கேட்க ஒரு தடவை வாசித்துவிட வேண்டும். அவளுடைய தோடியை இதுவரை கேட்டது அவள் வீட்டுச் சுவர்கள்தான். சுவர்கள் நல்ல ரசிகர்கள், ஆனால் தலையாட்டுவதில்லை.

பங்குனி உற்சவக் கமிட்டியின் காரியதரிசி அரங்கநாதன் ஒருநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களையும் பார்சலாகத்தான் பார்ப்பார். எங்கிருந்து வருகிறது, எங்கே இறக்கவேண்டும், உடையக்கூடியதா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

"வாத்தியாரம்மா, மெட்ராஸ் வித்வான் தொண்ட கட்டிக்கினு படுத்துட்டாராம். சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு மேட காலியா கெடக்குது. நீங்க உக்காந்துருங்களேன்."

கோவிந்தம்மாள் வாசல்படியைத் தாண்டி வெளியே வந்தாள். "தோடி வாசிக்கலாங்களா?"

"தோடியோ கீடியோ, எத வேணா வாசிங்க. எட்டரைக்கு சாமி பொறப்பாடு. அதுக்குள்ள எறங்கிடணும்."

அவர் போனதும் கோவிந்தம்மாள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வீணையை மடியில் எடுத்து வைத்தாள்.

இந்த இடத்தில் வேட்பாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். அரிசி மில் சுப்பராயலுவுக்குச் சிங்கம் சின்னம். அவரை நேரில் பார்த்தவர்கள் சிங்கத்துக்காக வருத்தப்பட்டார்கள். ஜவுளிக்கடை சீனுவாசனுக்கு யானை. தன் உடம்பைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ என்று அவருக்கு ஒரு வாரம் வரைக்கும் சந்தேகம் இருந்தது. சீனுவாசனின் தங்கைதான் சுப்பராயலுவின் மனைவி. ஆகவே பகைக்குத் தனியாக ஒரு காரணம் தேடவேண்டிய சிரமம் இருக்கவில்லை. உற்சவத்துக்குப் பந்தல் சுப்பராயலு செலவு, மைக்கும் விளக்கும் மைத்துனர் சீனுவாசன் செலவு. சாமி இரண்டு பேரையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

சுப்பராயலுவின் மகள் கோவிந்தம்மாளிடம் கற்றுக்கொண்டிருந்தாள். மகளை அழைத்துப் போக வந்தவரின் கண் வீணையின் நுனியில் போய் நின்றது.

"இன்னாம்மா இது, சிங்கமா?"

"யாளிங்க."

"யாளின்னா?"

"வீணைக்கு வெக்கிறதுங்க."

"அப்ப சிங்கந்தான். சங்கீதத்துல அப்பிடி ஒரு பேரு வெச்சிருப்பாங்க" என்று சுப்பராயலு முடிவு செய்தார். மில்லில் நெல்லுக்குத் தரம் சொல்கிற பழக்கம் அவருக்கு. மறுநாளே ஸ்டுடியோக்காரர் ஒருவரோடு வந்தார். யாளியை நேருக்கு நேர் நிறுத்திப் படம் பிடித்தார்கள். கோவிந்தம்மாள் வீணையோடு உட்கார்ந்திருந்ததால் அவளுடைய இடது முழங்கையும் படத்தில் விழுந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் விளம்பரம் அதுதான்.

இரண்டே நாளில் ஜங்ஷன் சுவர் முழுக்கச் சுவரொட்டி. 'கலைவாணி மடியிலே சிங்கம்! உங்கள் ஓட்டும் சிங்கத்துக்கே!' கீழே சின்ன எழுத்தில், 'சனி மாலை கோயில் பந்தலில் வீணைக் கச்சேரி'. யார் வாசிக்கிறார்கள் என்று போட இடம் போதவில்லை.

அன்று மத்தியானமே சீனுவாசன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ரிக்‌ஷாக்காரர் மூச்சு வாங்க ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நான் காசு போட்டு மைக்கு வெப்பேன், லைட்டு போடுவேன். நீங்க எங்க மச்சான் சின்னத்தத் தூக்கி மடியில வெச்சிக்கினு உக்காருவீங்க. இது நாயமா?"

"இது சிங்கமில்லீங்க, யாளி. எல்லா வீணையிலயும் இருக்குறதுதான்."

சீனுவாசன் நம்பவில்லை. குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "இது இன்னா தொங்குது?"

பொய் சொல்லிப் பழக்கமிருந்தால் கோவிந்தம்மாள் அங்கேயே தப்பித்திருப்பாள். "துதிக்கைங்க" என்றாள்.

சீனுவாசனின் முகத்தில் விடிந்தது. அதே ஸ்டுடியோக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை யாளியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் பிடித்தார். 'கலைவாணிக்கே யானைதான் காவல்!' என்று அடுத்த சுவரொட்டி முதல் சுவரொட்டியின் மேலேயே ஏறியது. முன்னால் நின்று பார்த்தால் சுப்பராயலு, ஓரமாக நின்று பார்த்தால் சீனுவாசன். அந்தத் தேர்தலில் உறுதியாக ஜெயித்தவர் ஸ்டுடியோக்காரர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு கோவிந்தம்மாள் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. வெண்டைக்காய் வாங்கப் போனால், "நீங்க எந்தப் பக்கம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்கினார்கள். அவள் தோடியின் பக்கம். அதற்கு அந்த வார்டில் வேட்பாளர் இல்லை.

சண்டை முற்றி, இரண்டு பேரும் தேர்தல் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். அதிகாரி நடராசன் எதையும் நேரில் பார்க்காமல் முடிவெடுக்காதவர். நேரில் பார்த்தாலும் சீக்கிரம் எடுத்துவிட மாட்டார். கோவிந்தம்மாளின் வீட்டுக்கு வந்து வீணையை இரண்டு தரம் சுற்றினார்.

"முகம் ஒரு கேண்டிடேட்டு, மூக்கு இன்னொரு கேண்டிடேட்டு. ரூல்ஸ்ல இதுக்கு எடமே இல்லியேம்மா. வேற வீணை கெடைக்காதா?"

"விழுப்புரத்துல இருக்குற வீணை எல்லாத்துலயும் இதே தலைதாங்க."

நடராசன் திடுக்கிட்டுப் போனார். "அப்ப வீட்டுக்கு வீடு பிரசாரம் நடந்துக்கினு இருக்குதா?"

கடைசியில் யாளியைத் துணி போட்டு மூடிவிட வேண்டும் என்று உத்தரவானது. உத்தரவு போடுவது சுலபம், மூடுவதுதான் பேஜாராகிவிட்டது. சுப்பராயலு ஆளிடம் கொடுத்தனுப்பிய கோணிப்பையில் அவருடைய மில் பெயர் அச்சடித்திருந்தது. சீனுவாசன் அனுப்பிய புதுத்துணியில் கடை முத்திரை இருந்தது. முத்திரையில்லாத வெள்ளைத் துணியைப் போட்டு மூடினால், கோயில் குருக்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொணம் மாதிரி இருக்குதே" என்றார். துணியும் கைவிடப்பட்டது.

வெள்ளிக்கிழமை அரங்கநாதன் வந்தார். கச்சேரியே வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று கோவிந்தம்மாள் பயந்தாள். இருபது வருஷம் காத்திருந்தாகிவிட்டது, இன்னொரு இருபது வருஷத்துக்கு விரல் இருக்காது.

"பயப்படாதீங்க. கமிட்டி ஒரு வழி பண்ணிடுச்சி. திண்டிவனத்துலருந்து புலவர் சவுரிராயன் வர்றாரு. சிலை, சின்னம், பழைய வாத்தியம், இதுக்கெல்லாம் அர்த்தம் சொல்றதுல அவர அடிச்சிக்க ஆளில்ல. இது இன்னா மிருகம்னு அவரே சபையில சொல்லிடுவாரு. ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்க. ஆறு மணிக்கு அவரு பத்து நிமிஷம் பேசுவாரு, அப்பால நீங்கதான்."

"பத்து நிமிஷத்துல முடிச்சிடுவாருங்களா?"

"சொல்லிட்டேன்" என்றார் அரங்கநாதன். புலவரிடம் அல்ல, அவளிடம்தான் சொன்னார் போலிருந்தது.

சனிக்கிழமை புலவர் பஸ்ஸில் வந்தார். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க இறங்கியபோதே சுப்பராயலுவின் ஆள் அவரைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டான். விழுப்புரத்தில் இறங்கியதும் சீனுவாசன் வீட்டில் வடை பாயசத்தோடு விருந்து. கார் சிங்கத்தைச் சொன்னது, வடை யானையைச் சொன்னது. இரண்டையும் சீரணித்துக்கொண்டு புலவர் மேடையேறினார்.

பந்தல் நிரம்பி வழிந்தது. இத்தனை கூட்டத்தைக் கோவிந்தம்மாள் கனவில்கூடப் பார்த்ததில்லை. அரக்குக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு, சுருதி சேர்த்து, மடியில் வீணையோடு உட்கார்ந்திருந்தாள். மைக் செட் காதர் பாட்சா ஒலிபெருக்கியை அவள் பக்கம் நகர்த்தினார். புலவர் அதை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெரியோர்களே! வீணை என்பது வெறும் மரமன்று. இந்த இருபத்துநான்கு மெட்டுகளும் நம் முதுகெலும்பின் இருபத்துநான்கு கணுக்கள். தண்டி, முதுகுத்தண்டு. குடம், உலகம். ஆயின் இந்த யாளி எது?"

தண்டிக்குக் கீழே தொங்கும் சுரைக்காய் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தேர்தலில் சுரைக்காய் யாருக்கும் சின்னமாகக் கிடைக்கவில்லை.

"பிடரியைப் பாருங்கள். சிங்கத்தின் வீரம்!" என்றார். பந்தலின் இடது பக்கம் கைதட்டியது. "துதிக்கையைப் பாருங்கள். யானையின் விவேகம்!" என்றார். வலது பக்கம் விசிலடித்தது. கைதட்டலும் விசிலும் மாறி மாறிக் கேட்கவே புலவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தீர்ப்புச் சொன்னால் ஒரு பக்கம் நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்குப் போனார். அங்கே பல்லவ மன்னன் செங்கல்லும் இல்லாமல் மரமும் இல்லாமல் பாறையைக் குடைய ஆரம்பித்தான். குடைந்துகொண்டே இருந்தான்.

கோவிந்தம்மாள் மனத்துக்குள் தோடியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில், ராகத்தைத் தொடர்ந்து வாசிக்கும் தானத்தை விட்டாள். பிறகு கீர்த்தனையை விட்டாள். ராகம் மட்டும் போதும் என்று நினைத்தாள். ஏழு மணி தாண்டியது, ராகத்திலும் பாதியை விட்டாள். மன்னன் இன்னும் வாசல் தூணையே தாண்டவில்லை. இனி மிஞ்சப்போவது பெண் பார்க்கும் கீர்த்தனை ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்படி ஒரு கோபம் வந்தது அவளுக்கு. ஆயுசுக்கும் பட்ட கோபமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

கீழே யாரோ, "யோவ் புலவரே, சிங்கமா யானையா, ஜல்தி சொல்லுய்யா!" என்று கத்தினார். துண்டுகள் பறந்தன. நாற்காலி ஒன்று சாய்ந்தது.

வீணையோடு ஒட்டிப் பிறந்ததல்ல யாளி. தனியாகச் செதுக்கி, முளை வைத்துத் தண்டியின் நுனியில் பொருத்துவது. அதைக் கழற்றினாலும் தந்தி தந்தியாகவே இருக்கும், நாதமும் நாதமாகவே இருக்கும். கோவிந்தம்மாள் இரண்டு கையாலும் யாளியைப் பிடித்துத் திருகினாள். நூறு வருஷத்து அரக்கு, லேசில் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினாள். சடக்கென்று தலை கையோடு வந்தது. அவள் அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தொட்டுத் துடைத்த தலை. அப்படியே கொண்டுபோய்ப் புலவரின் கையில் வைத்தாள்.

"அய்யா, இந்தாங்க. வெளிய வெளிச்சத்துல வெச்சி, சிங்கமா யானையான்னு நல்லா பாருங்க. அவசரமே இல்ல."

புலவர் அதை உயரத் தூக்கிக் காட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே சமயத்தில் மேடைக்கு ஏறின. புலவரைத் தூக்கினார்களா, தலையைத் தூக்கினார்களா என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் பந்தலைவிட்டுப் போயின. "மைக்கும் வரட்டும்!" என்றார் சீனுவாசன். காசு அவருடையது, மைக்கும் போயிற்று. பின்னாலேயே விளக்கு, அதன் பின்னால் அதிகாரி நடராசன், அவர் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், கடைசியாக அரங்கநாதன். ஊர்வலம் கடைத்தெருப் பக்கம் திரும்பியதும் பந்தலில் சத்தம் அடங்கிவிட்டது.

கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பெண்கள் பக்கம் அப்படியே இருந்தது. அவர்களை யாரும் கூப்பிடவில்லை, ஆகவே அவர்கள் போகவில்லை. காதர் பாட்சா கையில் ஒயரை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாத்தியாரம்மா, மைக்கு இல்லியே. கேக்குமா?"

"கிட்ட வந்து உக்காந்தா கேக்கும் பாய்."

முதலில் எழுந்து வந்தவள் வீரம்மாள். ஒரு வேட்பாளருக்கு மனைவி, இன்னொரு வேட்பாளருக்குத் தங்கை. கோவிந்தம்மாளிடம் முதன்முதலில் வீணை கற்றுக்கொண்டவளும் அவள்தான். மேடையின் ஓரத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்லயும் இவங்க ரெண்டு பேரு சத்தந்தாம்மா. நீங்க வாசிங்க. மெதுவாவே வாசிங்க."

மற்றவர்களும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு அகல் விளக்கு. கோவிந்தம்மாள் தந்தியில் விரலை வைத்தாள். முதல் காந்தாரத்தை அசைத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது சுவருக்கு வாசித்த தோடி அல்ல. மைக் இருந்திருந்தால் அந்த அசைவு பந்தல் முழுக்க இரைந்திருக்கும். இப்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது, கேட்டார்கள். அவள் கீழே இறங்கினாள், அங்கேயே நின்றாள், அவசரமில்லாமல் மேலே ஏறினாள். விட்டுவிட்ட பாதியையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். வீரம்மாள் தலையாட்டினாள். அவள் இடது கை விரல்கள் புடவையின் மேல் இல்லாத மெட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தன. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்துக் கோவிந்தம்மாளுக்கும் வந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

தோடி முடிந்தபோது கடைத்தெருப் பக்கமிருந்து கூட்டம் திரும்பி வரும் சத்தம் கேட்டது. சாமி புறப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதல்லவா. அரங்கநாதன் எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தார். சட்டைப் பித்தான்கள் போயிருந்தன. கையில் யாளியின் தலை. அதில் ஒரு தந்தப் பல் இல்லை. எந்தக் கட்சி பிடுங்கியது என்று தெரியாது, இரண்டும் சேர்ந்தே இழுத்திருக்கும். அந்தப் பொக்கை வாயைக் கோவிந்தம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கெடச்சிடுச்சி வாத்தியாரம்மா!" என்றார் அவர் மூச்சிரைக்க. "புலவரு ரெண்டும்தான்னு சொல்லிட்டு பஸ்ஸேறிட்டாரு. இத மாட்டுங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது, ஜனமெல்லாம் வந்துக்கினு இருக்குது. சின்னதா ஒரு கீர்த்தன வாசிச்சிட்டீங்கன்னா கச்சேரி நடந்ததா ஆயிடும்."

"கச்சேரி நடந்துடுச்சிங்க."

"எப்போ?"

"இப்பத்தான்."

அரங்கநாதன் பெண்களைப் பார்த்தார், காதர் பாட்சாவைப் பார்த்தார், எண்ணிப் பார்க்கிறவர்போல மறுபடியும் பெண்களைப் பார்த்தார். "இவங்க இருந்தா போதுமா? நாங்கல்லாம் கேக்க வேணாமா?"

கோவிந்தம்மாள் எழுந்தாள். தண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வீரம்மாள் குடத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

"கேளுங்க, வேணாம்னு யாரு சொன்னாங்க? நீங்க பாக்க வந்தது உங்க கையிலயேதான இருக்குது. மேடையில வெச்சி, அத வாசிக்கச் சொல்லிக் கேளுங்க."

இரண்டு பேரும் வீணையோடு மேடைப் படியை விட்டு இறங்கினார்கள்.